இடம் கேட்டவள்

1

வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் அர்ச்சுனாபுரம். மேற்கே மலை. அந்த மலைக்குள்தான் சதுரகிரி. விருதுநகர் மாவட்டத்தில் நெல்லும் தென்னையும் கண்ணுக்கு நிறைவாகத் தெரிகிற சொற்ப இடங்களில் இந்த மூலையும் ஒன்று. சிவகாசிப் பக்கத்துக் கரிசலிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்களுக்குக் கண் குளிர்ந்துபோகும். இங்கேதான் நல்லதங்காளுக்குக் கோயில் இருக்கிறது. ஏழு பிள்ளைகளையும் தள்ளிவிட்டுத் தானும் குதித்த கிணறு என்று ஊர் ஒரு கிணற்றைக் காட்டுகிறது.

கதை தெரிந்தவர்களுக்கு இந்தப் பச்சை உறுத்தும். பஞ்சம் மானாமதுரையில். பன்னிரண்டு வருஷம் மழை இல்லாமல் காய்ந்தது அவள் வாழ்க்கைப்பட்ட ஊர். அண்ணன் நல்லதம்பியின் ஊரில் நெல்லுக்குக் குறைவில்லை. நல்லதங்காள் பஞ்சத்தில் சாகவில்லை. பஞ்சத்துக்குத் தப்பி வந்து, நெல் இருந்த ஊரில் செத்தாள்.

பேய் இருக்கும் இடம் பாழடைந்து கிடக்கும் என்று புத்தகங்கள் நம்மைப் பழக்கியிருக்கின்றன. ஒட்டடை, இடிந்த சுவர், வௌவால். அர்ச்சுனாபுரத்தில் அதெல்லாம் தேவைப்படவில்லை. எல்லாம் இருந்த வீட்டில் ஒருத்திக்கு மட்டும் இல்லை என்று ஆனது. ஓர் இடத்துக்குப் பயம் வந்து சேர அது போதும்.

2

பெரிய எழுத்து நல்லதங்காள் கதை. பி. இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போன்ற சென்னைப் பதிப்பகங்கள் அச்சிட்டு, சந்தையிலும் திருவிழாக் கடைகளிலும் விற்ற புத்தக வரிசையைச் சேர்ந்தது. மட்டமான தாள், சிம்னி விளக்கிலும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தோதான தடித்த அச்சு. வாசிக்கத் தெரிந்த ஒருவர் ராகம் போட்டு இழுக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்கிற புத்தகம். நாடகமாக நடித்தார்கள். 1930-களிலும் 1950-களிலும் சினிமாவாகவும் எடுத்தார்கள். ஒப்பாரிக்குப் பக்கத்தில் நிற்கிற பாட்டு என்பதால் கேட்கிறவர்களில் பாதிப் பேர் பாதியிலேயே அழத் தொடங்கிவிடுவார்கள்.

கேட்ட பெண்களின் கோபமெல்லாம் அண்ணன் பெண்டாட்டி மேல். மூளி அலங்காரி. பெயர் வைக்கும்போதே பாட்டு அவளுக்குத் தீர்ப்பு எழுதிவிட்டது. நல்லதம்பி அப்போது வேட்டைக்குப் போயிருந்தான். நெல் அவனுடையது, சாவி அவளிடம். பழியும் அவளிடமே நின்றது. கூடப் பிறந்தவள் பசியோடு வரும் நாளில் அண்ணன் ஊரில் இல்லாமல் போவதற்குக் கதை ஒரு காட்டையும் சில மிருகங்களையும் ஏற்பாடு செய்து தருகிறது.

பெண்ணைப் பேயாக்கிய கதைகள் பலவற்றில் இந்த வேட்டை உண்டு. சாவு நடக்கும் நேரத்தில் பொறுப்பான ஆண் வேறெங்காவது இருப்பான். திரும்பி வந்து கதறுவான், பழி வாங்குவான். நல்லதம்பியும் அதையெல்லாம் செய்தான். முன்கூட்டியே வீடு திரும்புவது ஒன்றைத்தான் செய்யவில்லை.

3

மூளி அலங்காரி கதவைச் சாத்துகிறாள். நல்லதங்காள் தன் கற்பின் மேல் ஆணையிட, தாழிட்ட கதவு திறக்கிறது. மக்கிப்போன கேழ்வரகும் ஓட்டைச் சட்டியும் கிடைக்கின்றன. அடுப்பெரிக்கப் பச்சை வாழைமட்டை. அதையும் அவள் சொல்லால் எரிய வைக்கிறாள்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் யோசிக்கலாம். கதவைத் திறக்கும் சக்தி இருந்தது. ஈர மட்டையில் தீ மூட்டும் சக்தி இருந்தது. ஒரு படி அரிசி வரவழைக்கும் சக்தி இல்லை. தமிழ்க் கதைகள் உயிரோடு இருக்கிற பெண்ணுக்குக் கொடுக்கும் அமானுஷ்யம் இந்த அளவோடு நின்றுவிடும். பத்தினி என்று நிரூபித்துக்கொள்ள அது உதவும். பசிக்கு உதவாது.

கண்ணகி இதே சக்தியை மதுரை மேல் திருப்பினாள். நல்லதங்காளும் திருப்பியிருக்கலாம். மட்டையில் பிடித்த தீயைக் கூரையில் வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? அது பிறந்த வீடு. பிறந்த வீட்டை எரிக்கும் பத்தினியைப் பாடுவதற்கு நம்மிடம் காவியம் இல்லை. அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிணற்றைப் பார்த்து நடந்தாள்.

4

புகுந்த வீட்டிலிருந்து கிளம்பிவிட்டாள். பிறந்த வீட்டில் இடம் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்தது கிணறு.

பெண்பேய்கள் குடியிருக்கும் இடங்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தால் ஒன்று புரியும். ஊர்க்கோடிப் புளியமரம், பாழுங்கிணறு, கண்மாய் மடை, சுடுகாட்டுப் பாதை, இரண்டு ஊர் எல்லைக்கல். யார் பேரிலும் பட்டா இல்லாத இடங்கள், அல்லது எல்லோருக்கும் பொதுவான இடங்கள். உயிரோடு இருந்தபோது தகப்பன் வீடு, புருஷன் வீடு, மகன் வீடு என்று இருந்தவளுக்குச் செத்த பிறகுதான் சொந்தமாக ஓர் இடம் வாய்க்கிறது. அந்த இடத்தைத் தாண்டுகிற ஆண் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வேகமாக நடக்கிறான்.

விண்ணப்பப் படிவத்தில் பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் த/பெ அல்லது க/பெ என்று ஒரு கோடு இருக்கும். தகப்பனோ கணவனோ வந்து அதை நிரப்ப வேண்டும். பழையனூர் நீலிக்கு அந்தக் கோடு இல்லை. காரைக்காற்பேய் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவளுக்கும் இல்லை. அவர்களை ஊர் பெயரோடு சேர்த்துத்தான் அழைக்கிறோம்.

5

நீலியின் பழையனூரும் காரைக்கால் அம்மையாரின் திருவாலங்காடும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். தமிழின் மிகப் பழைய பெண்பேய்களில் ஒருத்தியும், பேய் வடிவம் கேட்டு வாங்கிக்கொண்ட பெண் கவியும் ஒரே ஆலங்காட்டில் வந்து சேர்கிறார்கள்.

நீலியைக் கணவன் கொன்றான். அவள் பேயாகி, கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவனைத் தேடி வந்தாள். பழையனூர் வேளாளர் சபையில் நின்று வழக்காடினாள். ‘இவன் என் புருஷன், என்னோடு அனுப்புங்கள்.’ சபை அனுப்பியது. அவன் உயிருக்கு நாங்கள் ஈடு என்று வாக்கும் கொடுத்தது. மறுநாள் அவன் பிணம். வாக்குக் கொடுத்த எழுபது வேளாளரும் தீயில் இறங்கினார்கள். சம்பந்தர் தேவாரத்திலேயே இந்தச் செய்தி வந்துவிடுகிறது.

பின்னாளில் காரைக்கால் அம்மையாரான புனிதவதியை அவள் கணவன் கொல்லவில்லை. மாங்கனி அற்புதத்தைப் பார்த்துப் பயந்து விட்டுப் போனான். வேறு ஊரில் வேறு கல்யாணம் செய்து, பெண் குழந்தைக்கு அவள் பெயரை வைத்து, தேடி வந்தவளின் காலிலும் விழுந்தான். யாருக்காகத் தாங்கிய உடம்போ அவனுக்கு வேண்டாம் என்றால் எனக்கும் வேண்டாம் என்று சதையை உதறிப் பேயுரு வாங்கிக்கொண்டாள். கைலாயத்துக்குப் போனவள் கடைசியில் வந்து இருந்தது ஆலங்காட்டுச் சுடலை.

ஒருத்தி கொன்றாள், ஒருத்தி பாடினாள். இருவருக்கும் வீடு இல்லாமல் போன பிறகுதான் காடு கிடைத்தது.

6

வெள்ளைக்காரர் நாட்டுப் பேய்களுக்கு வீடு உண்டு. படிக்கட்டு, மாடம், பூட்டிய அறை. ஷர்லி ஜாக்ஸன் 1959-இல் எழுதிய ‘தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்’ நாவலில் வரும் எலினார் நோயாளித் தாயைப் பார்த்துக்கொண்டே இளமையைக் கழித்தவள். தாய் செத்த பிறகு அக்கா வீட்டில் ஒண்டியிருப்பவள். பேய் வீட்டை ஆராய வந்த இடத்தில், தனக்குச் சொந்தமாக ஒரு ஜாகை இருப்பதாக மற்றவர்களிடம் பொய் சொல்வாள். நாவலில் என்னைக் கலங்கடித்த இடம் அந்தப் பொய். சுவரைத் தட்டுகிற சத்தமெல்லாம் அதற்குப் பிறகுதான். பேய் வீடு அவளை ‘வா’ என்கிறது. வேறு எந்த வீடும் அப்படிச் சொல்லவில்லை.

டோனி மாரிசனின் ‘பிலவட்’ 1987-இல் வந்தது. 1856-இல் அடிமைத்தனத்திலிருந்து தப்பி ஓடி, பிடிபடும் நேரத்தில் தன் குழந்தையைக் கொன்ற மார்கரெட் கார்னர் என்ற உண்மையான பெண்ணிலிருந்து பிறந்த நாவல். கதையில் செத்த குழந்தை பேயாக வீட்டுக்குத் திரும்பி வருகிறது. தாய் மிஞ்சியிருக்கிறாள், ஆகவே பேய் தாயைப் பிடிக்கிறது.

நல்லதங்காள் யாரையும் மிச்சம் வைக்கவில்லை. மூத்த பையன் தப்பிக்கப் பார்த்தான், அவனையும் விடவில்லை. ஏழையும் அனுப்பிவிட்டு எட்டாவதாகத் தானும் போனாள். வீட்டுக்குள் வந்து கேள்வி கேட்க ஒரு பேய்கூட மிஞ்சவில்லை. எனவே கேள்வி ஊர் மேல் விழுந்தது. ஊர் கோயில் கட்டிக்கொண்டது.

7

தெக்கத்தி வீடுகளில் விட்டத்திலோ சாமி மூலையிலோ ஒரு பெட்டி இருக்கும். பனையோலைப் பெட்டி, சில வீடுகளில் மரம். வருஷத்துக்கு ஒருமுறைதான் இறக்குவார்கள். உள்ளே மடித்த சேலை, கண்ணாடி வளையல், சின்னச் சீப்பு, காதோலை கருகமணி, மஞ்சள் கிழங்கு. பழைய சேலையை எடுத்துவிட்டுப் புதுச்சேலை வைத்து, பொங்கலிட்டு, மறுபடி மேலே ஏற்றிவிடுவார்கள். சீலைக்காரி. அந்தக் குடும்பத்தில் கல்யாணம் ஆகாமல் செத்தவளோ, தீயில் போனவளோ, வேறு ஏதோ தீராத குறையோடு போனவளோ. பல வீடுகளில் பெயர் மறந்துவிட்டது, சேலை மறக்கவில்லை.

புதுச்சேலையை மடித்து வைக்கும்போது வீட்டின் மூத்த பெண் அதை ஒருமுறை தடவிப் பார்ப்பாள். கடையில் துணி எடுக்கும்போது தடவுவோமே, அதே தடவல். இது அவளுக்குப் பிடிக்குமா என்று பார்க்கிற கை.

இப்படி உள்ளே எடுத்துக்கொண்டால் அவள் தெய்வம். எடுக்காமல் விட்டால் பேய். செத்தவள் ஒருத்தியேதான், சாவும் ஒன்றேதான். வாசலைத் திறந்தார்களா என்பதைப் பொறுத்து அவளுக்குப் பொங்கலோ ஆணியோ கிடைக்கிறது. நாட்டார் வழக்காற்றைப் படித்தவர்கள் கொலையுண்டவர்கள் தெய்வமாவதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்தப் பெட்டியின் அளவுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. ஒரு சேலைக்குத் தேவையான இடம். உயிரோடு இருந்தவளுக்கு அதைக் கொடுக்க அந்த வீட்டில் எவ்வளவு சிரமமாக இருந்திருக்கும்!

8

புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ தொகுப்பு 1943-இல் வந்தது. தலைப்புக் கதையில் பேய் வீட்டுக்குள் வருகிறது, வேலைக்காரியாக. அவளை அமர்த்திக்கொள்பவள் மனைவி. பயந்து தூக்கம் கெடுபவன் கணவன், அவன் எழுத்தாளன். மனைவிக்கு வீட்டு வேலைக்கு ஆள் கிடைத்திருக்கிறது, பேச்சுத் துணையும் கிடைத்திருக்கிறது. பேய்க்கதை முழுவதும் அவன் கண் வழியாகவே நமக்கு வருவதால் அந்த இரண்டு பெண்களும் சமையற்கட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது கடைசிவரை முழுதாகத் தெரியாது. புதுமைப்பித்தன் அதைத் தெரிந்தேதான் மறைத்திருப்பார்.

இடைசெவல் கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ 1976. தொடக்கத்திலேயே, வழிநடையில் தண்ணீர் குடிக்க இறங்கிய கர்ப்பிணி ஒருத்தியை நகைக்காகத் தண்ணீருக்குள் அமுக்குகிறான் ஒரு கள்ளன். அவள் அவன் கால் பெருவிரலைக் கடித்துக்கொண்டு சாகிறாள். பல் விடவில்லை. அவனால் நகர முடியவில்லை, அகப்பட்டுக்கொள்கிறான். இது பேய்க்கதை இல்லை. பேய்க்கதைகள் எங்கிருந்து கிளம்புகின்றன என்று காட்டுகிற கதை. செத்தவள் தன் சாவுக்குத் தானே சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது, வாயில் பல் இருக்கிறவரைக்கும்.

9

பேய் பிடித்ததாகச் சொல்லப்படும் பெண்ணைக் கோடாங்கியிடம் கூட்டிப்போவார்கள். உடுக்கை அடித்து, விபூதி போட்டு, அவர் கேட்கிற கேள்விகள் ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை.

‘யாரு நீ?’

‘எந்த ஊரு?’

‘எங்கன வச்சுப் பிடிச்ச?’

‘என்ன வேணும் ஒனக்கு?’

இந்தக் கேள்விகளைப் பேயை ஒதுக்கிவிட்டு வாசித்துப் பாருங்கள். கல்யாணமாகி வந்து சில மாதமே ஆன மருமகளிடம் அந்த வீட்டில் யாராவது உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். யாரும் கேட்கவில்லை. உடுக்கைச் சத்தத்துக்கு நடுவில், தலைவிரி கோலமாக இருக்கும்போதுதான் கேட்கிறார்கள். அவள் சொல்கிற பதிலும் பெரிய பதில் இல்லை. பூ வேணும். சேலை வேணும். கோழி அடிச்சுச் சாப்பிடணும். எங்க ஊருக்குப் போகணும். மாமனாரை ‘டா’ போட்டுப் பேசவும் அந்த ஒரு மணி நேரம் அனுமதி உண்டு.

முடிவில் உச்சிமுடியில் ஒரு கொத்தை ஆணியில் சுற்றிப் புளியமரத்தில் அறைவார்கள். அவள் சொன்னதையெல்லாம் மரத்திடம் ஒப்படைத்துவிட்டு, மற்ற மயிரை வாரி முடிந்து வீட்டுக்குக் கூட்டிப்போவார்கள்.

சாத்தூர்ப் பக்கம் அர்ச்சுனா ஆறும் வைப்பாறும் கூடுகிற இடத்தில் இருக்கன்குடி. மாரியம்மன் அங்கே வெளிப்பட்ட கதையில் சாணி பொறுக்கப் போன ஒரு பெண் வருகிறாள். கீழே வைத்த கூடையைத் தூக்க முடியவில்லை. அவள் மேல் அருள் வந்து, மண்ணுக்கடியில் நான் இருக்கிறேன் என்று பேசுகிறாள். ஊர் தோண்டிப் பார்க்கிறது. அன்று அவளைக் கோடாங்கியிடம் கூட்டிப்போயிருந்தால் ஒரு ஆணியும் ஒரு மரமும் கூடியிருக்கும். ஊர் கேட்டது, அதனால் லட்சம் பேர் கூடுகிற கோயில் கிடைத்தது.

10

பேய்க்கு இடம் மட்டும் போதாது, நேரமும் வேண்டும். உச்சிப்பொழுது, அந்தி, அமாவாசை. இந்த நேரக் கணக்கைத் தமிழ்நாட்டின் சுவர்களுக்கு அச்சடித்துக் கொடுக்கிற ஊர் சிவகாசி. தினசரி காலண்டர் தாளில் ராகு காலம், எமகண்டம், சூலம், சந்திராஷ்டமம். ஆடிப்பெருக்கன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் வந்துவிடும். அடுத்த வருஷம் எந்தெந்த நாள் பயப்பட வேண்டும் என்பது ஆஃப்செட் மெஷினில் ஆடி மாதமே தயார்.

அதே ஊரிலிருந்து 1972-இல் முத்து காமிக்ஸ் கிளம்பியது. முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து, இரும்புக்கை மட்டும் மிஞ்சும் நாயகன். பையன்கள் அவனாகிவிட ஆசைப்பட்டார்கள். கண்ணுக்குத் தெரியாமல் போவது ஆணுக்கு ஒரு வல்லமை, சாகசத்துக்கு உதவும். அந்தப் புத்தகம் வாங்கக் காசு கொடுத்த அம்மாக்களில் பலர் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கியவர்கள், பெட்டி ஒட்டியவர்கள். கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது என்னவென்று அவர்களுக்கு மின்சாரம் பாயாமலே தெரியும்.

11

பேய்க்கு இரும்பு ஆகாது. உச்சி வேளையில் வெளியே போகிற பெண் கையில் ஒரு இரும்புத் துண்டு, பிள்ளை பெற்றவள் தலைமாட்டில் அரிவாள், புளியமரத்தில் ஆணி.

பயராபீஸில், அதாவது சிவகாசிப் பட்டாசு ஆலையில், இரும்பு ஆகாது. மருந்து புழங்குகிற அறைக்குள் இரும்புக் கருவி போகக்கூடாது. உரசினால் பொறி. மரம், பித்தளை, அலுமினியம், தரையில் ரப்பர் விரிப்பு. நைலக்ஸ் சேலை ஆகாது, அதிலும் பொறி பிறக்கும். பருத்திதான் உடுத்தி வரவேண்டும்.

விடியக்காலையில் தூக்குச்சட்டியோடு வேன் ஏறுகிற பெண் இந்த இரண்டு சட்டங்களுக்கும் நடுவில் வாழ்கிறாள். ஊர்க்கோடிப் புளியமரத்தைத் தாண்டும்போது எது காக்கும் என்று பாட்டி சொன்னாளோ, அதை வேலை செய்யும் அறைக்குக் கொண்டுபோனால் கொல்லும். அவள் இரண்டையும் கடைப்பிடிக்கிறாள். இரண்டையும் நம்புகிறாள் என்று சொல்ல மாட்டேன். பாட்டி சொன்னது பயத்துக்கு, ஃபோர்மேன் சொன்னது உயிருக்கு என்று பிரித்து வைத்திருக்கிறாள். வெடி விபத்துக்குப் பிறகு வரும் செய்திகளில் பெரும்பாலும் இரண்டு விஷயங்கள் இருக்கும். அறைக்கு இத்தனை பேர் என்ற கணக்கை மீறி ஆள் உட்கார்ந்திருந்தார்கள். அறையில் இடம் போதாமல் மரத்தடியில் வைத்து வேலை நடந்தது. பயப்பட வேண்டிய மரம் எது என்பதைப் பேய்க்கதைகள் தப்பாகக் காட்டிவிட்டன.

12

சிவகாசி மண்ணில் மழை குறைவு. வெள்ளாமை கைவிட்ட கரிசலில், ஈரமில்லாத காற்று ஒன்றுதான் தாராளமாகக் கிடைத்தது. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீக்குச்சி காய்வதற்கும் மருந்து உலர்வதற்கும் அந்தக் காற்று தோதாக இருந்தது. பட்டாசும் அச்சும் பின்னால் வந்தன. நல்லதங்காளை மானாமதுரையிலிருந்து துரத்தியது எந்த வறட்சியோ அதே வறட்சிதான் இங்கே கூலியாக மாறியது.

இதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. சனிக்கிழமைச் சம்பளம் கையில் வந்த பெண் அண்ணன் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை. சரம் பின்னி, குழாய் உருட்டி, திரி ஏற்றி, மகளைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கவைத்தவர்கள் இந்த ஊர்களில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். கிணற்றுக்குப் போகும் பாதையில் குறுக்கே நின்றது பயராபீஸ் கேட். ச. தமிழ்ச்செல்வனின் ‘வெயிலோடு போய்’ கதையின் மாரியம்மா ‘பூ’ படமாக 2008-இல் வந்தபோது இந்தப் பெண்களின் நடையை, சிரிப்பை, பிடிவாதத்தைத் திரையில் பார்த்தோம்.

பிறகு முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிப்பு, 2012 செப்டம்பர் 5. செத்தவர்கள் 30 பேருக்கு மேல். அவர்களில் பலர் அங்கே வேலை செய்தவர்கள்கூட இல்லை. முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவ ஓடியவர்கள், என்னவென்று பார்க்கப் போனவர்கள். அச்சன்குளம், 2021 பிப்ரவரி 12. 20 பேருக்கு மேல். நடுவிலும் பின்னாலும் எத்தனையோ ஊர்ப் பெயர்கள். பத்திரிகையில் பட்டியல் வரும். பெயர், வயது, ஊர், க/பெ.

நல்லதங்காளுக்குப் பாட்டு கட்டியவர்கள் இந்தப் பட்டியலுக்குப் பாட்டு கட்டவில்லை. இந்தப் பெண்கள் பேயாக வரும் கதை ஒன்றும் என் வாசிப்பில் தட்டுப்படவில்லை. கோர விபத்து நடந்த இடத்தில் பேய் உலவும் என்பது நம் கதைகளின் இலக்கணம். இங்கே இலக்கணம் வேலை செய்யாததற்கு ஒரு காரணம் தோன்றுகிறது. பேயாவதற்கு, ஊர் மறைக்க நினைக்கிற ஒரு துரோகம் வேண்டும். இந்தச் சாவுகளில் மறைக்க எதுவும் இல்லை. எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் அடுத்த வாரம் வேலைக்குப் போயாக வேண்டும். நிவாரணக் காசோலை வந்துவிடுகிறது. அந்த வீடுகளின் விட்டத்திலும் ஒரு பெட்டி ஏறியிருக்கும், அதற்குள் ஒரு பருத்திச் சேலை இருக்கும்.

13

மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டம் என்றொரு சுடுகாடு வருகிறது. தமிழ்ப் புத்தகங்களில் இவ்வளவு விவரமாக எழுதப்பட்ட முதல் பேய் இடம் அதுதான் என்று நினைக்கிறேன். மதில் சுற்றிய சுடலை, நான்கு வாசல், எரிப்பதும் புதைப்பதும் தாழியில் கவிப்பதும் என்று வகைவகையான முடிவுகள். சார்ங்கலன் என்ற பிராமணப் பையன் தனியாக உள்ளே போய்விடுகிறான். தலையொன்றைக் கையில் வைத்து ஆடும் பேய்மகளைப் பார்த்து மிரண்டு வீட்டுக்கு ஓடி, தாய் கோதமியின் முன் விழுந்து சாகிறான்.

கோதமி பிணத்தைச் சுமந்து மதில் வாசலுக்கு வந்து சம்பாபதியைக் கூப்பிடுகிறாள். என் உயிரை எடுத்துக்கொள், பிள்ளையைக் கொடு. சம்பாபதி சொல்கிற பதில் நயமானது, கொடூரமானதும்கூட. பேய் அவனைக் கொல்லவில்லை, அவன் பயமும் வினையும் கொன்றன. உயிருக்கு ஈடாக உயிர் கொடுக்கும் வழக்கமும் இல்லை. வேண்டுமானால் எல்லாத் தெய்வங்களையும் கூப்பிடுகிறேன், கேட்டுக்கொள். கூப்பிடுகிறாள். அத்தனை தெய்வங்களும் வந்து முடியாது என்கின்றன. கோதமி பிள்ளையைச் சிதையில் வைத்துவிட்டுத் தானும் போகிறாள்.

வினை என்று மணிமேகலையைப் பாடிய சாத்தனார் சொல்லிவிட்டார். காவியத்துக்கு அது போதும். ஒரு ஷெட்டில் எத்தனை கிலோ மருந்து இருந்தது, எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள், உரிமம் யார் பெயரில், குத்தகைக்கு நடத்தியவர் யார் என்று கேட்க இடம் இருக்கிற காலத்தில் வினை என்ற பதில் போதாது. மதில் வாசலில் நின்ற கோதமிக்கு எல்லாத் தெய்வங்களும் நேரில் வந்து சொன்ன பதிலாவது கிடைத்தது. இன்றைக்கு அப்படிப்பட்ட தாயைக் காத்திருக்கச் சொல்கிறார்கள், கலெக்டர் ஆபீஸ் வராந்தாவில்.

14

கடைசியாக நீலகேசி. ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்று. எழுதிய சமணர் பெயர் நிலைக்கவில்லை. 1936-இல் அ. சக்கரவர்த்தி நயினார் பதிப்பித்தார்.

அந்தச் சமணர் செய்த காரியத்துக்குத் தமிழில் ஈடு இல்லை. அவர் கையில் இருந்தது அதே பழையனூர் நீலி. ஊர் பயந்து, சபை செத்து, பாட்டில் ஏறிவிட்ட பேய். அவளைச் சுடலையில் தவம் செய்யும் முனிச்சந்திரர் என்ற துறவியைப் பயமுறுத்த அனுப்புகிறார். துறவி அசையவில்லை. ஆணி அறையவில்லை, துரத்தவும் இல்லை. பேசுகிறார். அவளும் கேட்கிறாள், கற்கிறாள். அடுத்து அவள் தர்க்கம் படித்தவளாக ஊர் ஊராகப் போய்ப் பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைதிகர் என்று ஒவ்வொரு தரப்போடும் வாதாடுகிறாள், வெல்கிறாள். பௌத்தத் துறவியான குண்டலகேசியையும் விடவில்லை. சமணத்துக்கான பிரச்சாரம் என்பது வெளிப்படை. ஆனாலும் ஒரு பேயிடம் ‘என்ன வேணும்’ என்று கேட்டதோடு நிற்காமல் ‘என்ன சொல்கிறாய்’ என்று கேட்ட ஒரே புத்தகம் அது.

பழையனூர்ச் சபையிலும் நீலி வாதாடத்தான் செய்தாள். அங்கே அவள் பொய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரவேண்டியிருந்தது, தாய் என்றால்தான் சபை காது கொடுக்கும் என்று அவளுக்குத் தெரியும். நீலகேசி கையில் குழந்தை இல்லை. வாதம் மட்டும் இருந்தது.

சிவகாசியின் கதையை இதுவரை எழுதியவர்கள் பெரும்பாலும் ஆண்கள், அதில் நல்லவை உண்டு. அடுத்து எழுதப்போகிறவள் அம்மா பின்னிய சரத்தில் படித்து வந்தவளாக இருப்பாள் என்று நம்புகிறேன். கூலி எவ்வளவு, அறையில் எத்தனை பேர், யார் வேட்டைக்குப் போயிருந்தார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அவள் கதையில் பேய் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சொல்ல வேண்டியதை உயிரோடு இருக்கும்போதே சொல்லி, அதைக் கேட்க ஆளும் இருந்துவிட்டால், ஒருத்தி பேயாக வேண்டிய அவசியம் இல்லை.